நெல்லின் செபிப் மரபணு: 36 இருக்க வேண்டிய புரதம் ஜெல்லில் 75-ல் நிற்பது ஏன்?

நாற்றங்கால்:

எல்லோருக்கும் வணக்கம். தாவர நோயியல் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த வியாழக்கிழமை வகுப்பில் செமினார். தலைப்பை நானாக எடுக்கவில்லை, சீட்டுக் குலுக்கியதில் வந்து விழுந்தது: நெல் செல்லின் வெளிப்பரப்பில் இருக்கும் செபிப் (CEBiP) என்ற கிளைக்கோபுரதமும் (சர்க்கரைச் சங்கிலி ஒட்டிய புரதம்) அதற்கான மரபணுவும். ஜப்பானின் மெய்ஜி பல்கலைக்கழகத்து ஷிபுயா குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையை மையமாக வைத்துப் பேச வேண்டும்.

எனக்குப் புரிந்த வரை கதை இது. குலை நோய்ப் பூஞ்சையின் செல் சுவரில் கைட்டின் என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது, நெல்லில் கைட்டின் கிடையாது. அதனால் கைட்டின் துண்டு ஒன்று தட்டுப்பட்டாலே வேற்றாள் வந்துவிட்டான் என்று நெல் செல் கண்டுகொள்கிறது, உடனே ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொட்டுகிறது, மோமிலாக்டோன் போன்ற பூஞ்சை எதிர்ப்புப் பொருள்களைத் தயாரிக்கிறது. அந்தத் துண்டைப் பிடித்துப் பார்க்கிற வேலைதான் செபிப்புக்கு. இதுவரை சரி. இதற்கு மேல் மூன்று இடத்தில் முட்டி நிற்கிறேன்.

முதலாவது, கணக்கு உதைக்கிறது. முதிர்ந்த புரதத்தில் 328 அமினோ அமிலம். ஒன்றுக்குச் சராசரி 110 டால்டன் என்று போட்டால் 36 கிலோடால்டன்தான் வருகிறது. புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பார்க்கும் எஸ்டிஎஸ் ஜெல்லிலோ பட்டை 75-க்குப் பக்கத்தில் நிற்கிறது. "சர்க்கரைச் சங்கிலி ஒட்டியிருக்கிறது" என்று ஒரே வரியில் தாண்டிவிடலாம்தான், ஆனால் எங்கள் துறையில் ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு "அப்போ சர்க்கரை மட்டும் 40 கிலோடால்டனாம்மா?" என்று கேட்பார், நிச்சயம் கேட்பார்.

இரண்டாவது, இந்தப் புரதத்துக்கு செல்லுக்குள் நீட்டிக்கொண்டிருந்து சமிக்ஞையைக் கடத்தும் கைனேஸ் (நொதி) பகுதியே இல்லை. அப்படியென்றால் வெளியே பார்த்ததை உள்ளே யார் சொல்கிறார்கள்?

மூன்றாவது என் கேள்வி இல்லை, அப்பா கேட்டது. போன சம்பாவில் எங்கள் பிபிடி 5204 (சம்பா மசூரி) ரக நெல் வயலில் கழுத்துக் குலை நோய் விழுந்து ஏகப்பட்ட கதிர் பதராகிவிட்டது. வீட்டில் நான் செமினாரைப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தபோது சாப்பிட்டபடியே கேட்டார்: "பூஞ்சை வந்தா நெல்லுக்கே தெரியும்னு சொல்றியே, தெரிஞ்சுமா சும்மா இருந்துச்சு?" எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. யாராவது கைகொடுங்கள்.

ஜெல்கிறுக்கன்:

முதல் கேள்வி என் பேட்டை. கடைசி வரிசைக்காரர் கேட்டால் தைரியமாக "இல்லை சார், சர்க்கரை 40 கிலோடால்டன் இருக்க வேண்டிய அவசியமில்லை" என்று சொல்லுங்கள்.

எஸ்டிஎஸ் ஜெல் எடை பார்க்கும் தராசு இல்லை, ஓட்டப்பந்தயம். எஸ்டிஎஸ் என்பது சோப்பு மாதிரியான பொருள், புரதச் சங்கிலியின் மேல் ஒரே சீராக ஒட்டி எதிர்மின்னூட்டம் கொடுக்கும், அதனால்தான் நீளத்துக்குத் தகுந்த வேகத்தில் ஓடும். சர்க்கரையின் மேல் எஸ்டிஎஸ் சரியாக ஒட்டாது. ஆக, கிளைக்கோபுரதத்துக்கு இரண்டு பக்கமும் இடி: எடையும் கூடுகிறது, கூடிய எடைக்குத் தகுந்த மின்னூட்டமும் கிடைப்பதில்லை, மேலே பருத்துக் கிடக்கும் சங்கிலி ஜெல்லின் துளைகளில் மாட்டி இழுக்கிறது. நிஜ எடையைவிட மெதுவாக ஓடும், நாம் அதைக் கனமான புரதம் என்று படித்துவிடுவோம். தாவரத்தில் அஸ்பரஜின் மேல் ஏறும் ஒரு சர்க்கரைச் சங்கிலி ஏறக்குறைய 1.2-லிருந்து 1.9 கிலோடால்டன் வரைதான் இருக்கும். பத்துச் சங்கிலி ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால்கூட 20-ஐத் தாண்டாது. மீதி வித்தியாசத்தில் பெரும்பகுதி ஓட்டக் கோளாறுதான் என்று நான் சொல்வேன். 75 என்பதை "ஜெல்லில் தெரியும் எடை" என்று மட்டும் ஸ்லைடில் எழுதுங்கள், வெறும் "எடை" என்று எழுத வேண்டாம்.

அதோடு ஒன்று, இதை நான் காசைக் கரியாக்கித் தெரிந்துகொண்டது. சர்க்கரையை வெட்டிவிட்டு மறுபடி ஜெல்லில் ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேள்வி வரும். விலங்குச் செல் புரதத்துக்கு எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு, சர்க்கரைச் சங்கிலியை வெட்டும் பிஎன்ஜிஏஸ் எஃப் நொதியைப் போடுவார்கள். தாவரப் புரதத்தில் அது பல சமயம் வேலை செய்யாது, ஏனென்றால் தாவரச் சங்கிலியின் அடி சர்க்கரையில் ஃபியூகோஸ் என்ற இன்னொரு சர்க்கரை ஆல்ஃபா 1,3 பிணைப்பில் உட்கார்ந்திருக்கும், அது இருந்தால் எஃப் வெட்டாது. பாதாமிலிருந்து எடுத்த பிஎன்ஜிஏஸ் ஏ-தான் வெட்டும். நான் நெல் சவ்வுப் புரதம் ஒன்றில் எஃப்-ஐப் போட்டுவிட்டு, பட்டை ஒரு மில்லிமீட்டர்கூட இறங்காததைப் பார்த்து, "இதில் சர்க்கரையே இல்லை" என்று முடிவுகட்டி, இரண்டு வாரம் கழித்து என் சீனியர் அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

விதைக்கோட்டை:

மூன்றாவது கேள்விக்கு எளிய பதில் இருக்கிறதே. பிபிடி 5204-ல் இந்த மரபணு இருந்திருக்காது, இல்லையென்றால் பலவீனமாக இருந்திருக்கும். செபிப் மரபணுவை எடுத்துப் பொன்னியிலோ பிபிடியிலோ செலுத்திவிட்டால் குலை நோய்ப் பிரச்சினை தீர்ந்தது. ஏன் இன்னும் நம் ஆட்கள் செய்யாமல் இருக்கிறார்கள் என்றுதான் தெரியவில்லை.

வரப்புவாத்தியார்:

விதைக்கோட்டை, கோபித்துக்கொள்ள வேண்டாம், இந்தத் தப்பைத்தான் முப்பது வருஷமாகத் திருத்திக்கொண்டிருந்தேன், ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. செபிப் எதிர்ப்பு மரபணு கிடையாது. டெட்டெப் என்ற வியட்நாம் ரகத்திலிருந்து வந்த பிஐ54 போன்றவைதான் அந்தப் பெயருக்கு உரியவை. அவை பூஞ்சையின் ஒரு குறிப்பிட்ட இனம் செல்லுக்குள் அனுப்பும் குறிப்பிட்ட புரதத்தைக் கண்டுபிடிப்பவை, ஒரு ரகத்தில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. செபிப் அப்படி ரகத்துக்கு ரகம் வாங்கி வைக்கும் பூட்டு இல்லை, நெற்பயிரின் அடிப்படைப் புலன். நம் கோயம்புத்தூர் கோ 39-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், குலை நோய் ஆராய்ச்சியில் உலகம் முழுக்க "நோய் தாங்காத ரகம்" என்பதற்கு உதாரணமாக அதைத்தான் வயலில் நடுவார்கள், பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதன் மேல் எதிர்ப்பு மரபணுக்களைத் தனித்தனியாக ஏற்றிச் சோதனை வரிசைகளை உண்டாக்கியது. அதுவும் நெல்தானே, கைட்டினை உணர்வது அதற்கு மட்டும் தெரியாமலா போகும்? உணர்வது ஒன்று, தடுத்து நிறுத்துவது வேறொன்று.

நாற்றங்கால், இரண்டாவது கேள்விக்கு வருகிறேன் தம்பி. கிராமத்து வீட்டுத் திண்ணையில் ஒரு தாத்தா உட்கார்ந்திருப்பார் இல்லையா, தெருவில் போகிற ஒவ்வொருவரையும் இன்னார் என்று சொல்லிவிடுவார், ஆனால் எழுந்து உள்ளே ஓட மாட்டார், குரல் கொடுப்பார், உள்ளே இருப்பவர் கதவைச் சாத்துவார். செபிப் திண்ணைத் தாத்தா. 2006 கட்டுரையில் அதன் வால் பகுதி சவ்வை ஊடுருவி நிற்கிறது என்றுதான் கணித்திருந்தார்கள். ஆனால் 2017-ல், அது சவ்வைத் துளைக்கவே இல்லை, ஜிபிஐ என்ற கொழுப்பு வாலால் வெளிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று காட்டினார்கள். பழைய படத்தை அப்படியே ஸ்லைடில் போட்டுவிடாதீர்கள்.

உள்ளே ஓடுகிறவர் பெயர் செர்க்1. இதற்கு வெளியே லைசெம் (கைட்டின் போன்ற சர்க்கரைகளைப் பிடிக்கும் புரதங்களில் இருக்கும் அமைப்பு) பகுதி உண்டு, உள்ளே கைனேஸும் உண்டு. நெல்லின் செர்க்1 தானாகக் கைட்டினைப் பிடிப்பதாகத் தெரியவில்லை, செபிப் பிடித்துக் கொடுத்தால்தான் அதற்கு வேலை. 2010-ல்தான் இந்த ஜோடியை உறுதிப்படுத்தினார்கள். இங்கேதான் மாணவர்கள் தடுக்கி விழுவார்கள்: பாடப்புத்தகப் படங்கள் பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் செடியுடையவை, அதில் செர்க்1 தானே கைட்டினைப் பிடிக்கும், செபிப்பின் உறவுக்காரப் புரதம் அங்கே இருந்தும் இந்த வேலைக்குத் தேவைப்படுவதில்லை. அந்தப் படத்தைக் காட்டி நெல்லைப் பற்றிப் பேசினால் கடைசி வரிசைக்காரருக்கு விருந்து.

பிடிக்கும் விதம் அழகானது, அதற்கு இரண்டு நிமிஷம் ஒதுக்குங்கள். கைட்டின் சங்கிலியில் சர்க்கரைகள் ஒன்று விட்டு ஒன்று தலைகீழாகத் திரும்பியிருக்கும். அதனால் சர்க்கரைகளின் மேல் ஒட்டியிருக்கும் அசிட்டைல் என்ற சின்ன வேதித் தொகுதிகள் ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம் என்று மாறி மாறி நீட்டிக்கொண்டிருக்கும். எட்டு சர்க்கரை நீளமுள்ள ஒரு துண்டு வந்தால், இரண்டு செபிப்கள் இரு பக்கமிருந்தும் அதை நடுவில் வைத்துக் கவ்விக்கொள்கின்றன என்பது 2014-ல் ஷிபுயா குழு சொன்ன மாதிரி. இரண்டும் இப்படி ஜோடி சேர்ந்தால்தான் சமிக்ஞை. இதை எப்படிச் சோதித்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம்: ஒரே பக்கத்தில் மட்டும் அசிட்டைல் தொகுதி இருக்கிற மாதிரி எட்டு சர்க்கரைச் சங்கிலி ஒன்றைச் செய்தார்கள். செபிப் அதைப் பிடித்தது, ஆனால் மறுபக்கம் இன்னொரு செபிப்புக்குப் பிடிமானம் இல்லை, ஜோடி சேரவில்லை, நிஜக் கைட்டின் துண்டின் வேலையையும் அது கெடுத்தது. நீளம் குறைந்த துண்டுகள் ஏன் பலிப்பதில்லை என்பதும் இதில் ஓரளவு விளங்கும்.

நாற்றங்கால்:

ஐயோ, எவ்வளவு விவரம்! இரண்டு பேருக்கும் நன்றி. (வாத்தியார் சார், தம்பி இல்லை, தங்கை. பரவாயில்லை.)

ஆனால் அப்பா கேட்டது அப்படியே நிற்கிறதே. உணர்வது வேறு, தடுப்பது வேறு என்றீர்கள். உணர்ந்த பிறகு பெராக்சைடு, மோமிலாக்டோன் எல்லாம் வருகிறதென்றால் அதுவே தடுப்புதானே? ஏன் போதவில்லை?

வரப்புவாத்தியார்:

மன்னிக்க வேண்டும் தங்கச்சி. பெயரைப் பார்த்து வயசு சொல்லலாம், ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது போலிருக்கிறது.

அப்பாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: நெல் சும்மா இருக்கவில்லை. செபிப் மரபணுவை ஆர்என்ஏஐ என்ற முறையில் வேலை செய்யவிடாமல் அடக்கிய நெல்லில் குலை நோய்ப் பூஞ்சையின் இழைகள் சாதாரண நெல்லைவிட அதிகம் பரவின. அதாவது தாத்தா இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஆனால் திருடனுக்கும் தாத்தாவைத் தெரியும்.

குலை நோய்ப் பூஞ்சை இரண்டு தந்திரம் செய்கிறது. உள்ளே நுழையும்போது தன் சுவரின் மேல் ஆல்ஃபா 1,3 குளுக்கன் என்ற பூச்சைப் பூசிக்கொள்கிறது. நெல் தன் கைட்டினேஸை (கைட்டினை வெட்டும் நொதி) அனுப்பிச் சுவரை நறுக்கிப் பார்க்க நினைத்தாலும் அடியிலிருக்கும் கைட்டினை எட்ட முடிவதில்லை. இதை ஜப்பானியக் குழு ஒன்று எதிர்த்திசையில் நிரூபித்தது: அந்தப் பூச்சை வெட்டும் பாக்டீரியா நொதி ஒன்றை நெல்லே சுரக்கும்படி செய்தார்கள், குலை நோய் பிடிக்கவே திணறியது. அது 2012. இரண்டாவது தந்திரம் எஸ்எல்பி1 என்ற சின்னப் புரதம், அதிலும் லைசெம் பகுதிதான் இருக்கிறது, அதாவது செபிப் எந்த அச்சில் வார்த்த கையால் பிடிக்கிறதோ அதே அச்சில் பூஞ்சையும் ஒரு கை வைத்திருக்கிறது. பூஞ்சை இழைக்கும் நெல் சவ்வுக்கும் நடுவிலிருக்கும் குறுகிய இடுக்கில் அதைக் கொட்டிவிட்டால், சிதறும் கைட்டின் துண்டுகளை செபிப்புக்கு முன்னால் அது பொறுக்கிக்கொள்ளும். எஸ்எல்பி1 இல்லாத பூஞ்சை நெல்லில் தடுமாறியது, செபிப்பை அடக்கிய நெல்லில் விட்டபோது தடுமாற்றம் போய்விட்டது. சண்டை இந்த இருவருக்கும் நடுவில்தான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

விதைக்கோட்டை சொன்னதில் ஒரு துளி நியாயமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2010-ல் செபிப்பின் வெளிப்பகுதியை எடுத்து எக்ஸ்ஏ21-ன் உள்பகுதியோடு தைத்து ஒரு கலப்பு ஏற்பியைச் செய்தார்கள். கண் செபிப்புடையது, கை எக்ஸ்ஏ21-னுடையது. கைட்டின் பட்டதும் நெல் செல்கள் ஆவேசமாகப் பதில் கொடுத்தன, செடிக்குக் குலை நோய் எதிர்ப்பும் கூடியது. எக்ஸ்ஏ21 என்பது ஆப்பிரிக்கக் காட்டு நெல்லிலிருந்து வந்த பாக்டீரியா இலைக்கருகல் எதிர்ப்பு மரபணு. அதே எக்ஸ்ஏ21-ஐ இன்னும் இரண்டு மரபணுக்களோடு சேர்த்து, சாதாரணக் கலப்பினம் மூலமாகவே உங்கள் அப்பா போடும் பிபிடி 5204-ல் ஏற்றி ஹைதராபாத்தில் மேம்படுத்திய சம்பா மசூரி என்று வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் அது பாக்டீரியாக் கருகலுக்குத்தான், குலை நோய்க்கு இல்லை. அப்பா குழப்பிக்கொண்டு விதை வாங்கிவிடப் போகிறார்.

மடைத்திறப்பு:

படித்துக்கொண்டே வந்தேன், பாதி புரிந்தது, அதுவே போதும். நான் விவசாயி, பட்டம் எதுவும் இல்லை. எங்கள் பக்கம் ஒரு கடையில் கைட்டோசான் பாட்டில் விற்கிறார்கள், "பயிரின் நோய் எதிர்ப்பு ஏற்பியைத் தட்டி எழுப்பும்" என்று லேபிளில் போட்டிருக்கிறது. இறால் ஓட்டிலிருந்து எடுத்ததாம். நீங்கள் சொல்லும் செபிப்பைத்தான் அது எழுப்புகிறதா? ஒரு ஏக்கருக்கு அடிக்கிற விலையைப் பார்த்தால் எழுந்து நடக்கவே செய்ய வேண்டும்.

ஜெல்கிறுக்கன்:

கடைசி வரிக்குச் சிரித்துவிட்டேன் அண்ணே.

இறால் ஓட்டில் இருப்பது கைட்டின். அதைக் காரத்தில் வேகவைத்து அசிட்டைல் தொகுதிகளைக் கழற்றினால் கிடைப்பது கைட்டோசான். வாத்தியார் மேலே சொன்னதைப் பாருங்கள், செபிப் கவ்விப் பிடிப்பதற்கு அந்த அசிட்டைல் தொகுதிதான் முக்கியம். 1990-களிலேயே நெல் செல்களைத் திரவத்தில் வளர்த்துச் சோதித்திருக்கிறார்கள்: அசிட்டைல் உள்ள, ஆறு சர்க்கரைக்கு மேல் நீளமான துண்டுகளை மிகமிகக் குறைந்த அளவில் போட்டாலே செல்கள் மோமிலாக்டோன் தயாரித்தன, அசிட்டைலைக் கழற்றிய துண்டுகளுக்கு அசையவில்லை. அதனால் லேபிளில் இருக்கிற காரணம் நெல்லைப் பொறுத்தவரை எனக்கு நம்பும்படி இல்லை. கடையில் விற்கும் கைட்டோசானில் அசிட்டைல் முழுக்கப் போயிருக்காது, கொஞ்சம் மிச்சமிருக்கும், அதோடு கைட்டோசானுக்குப் பூஞ்சையை நேரடியாகத் தாக்கும் குணமும் உண்டு, ஆகவே ஒன்றுமே செய்யாது என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் செபிப் பெயரைச் சொல்லிக் காசு வாங்குவது சரியில்லை.

வரப்புவாத்தியார்:

மடைத்திறப்பு, அந்தக் காசை வைத்துக்கொள்ளுங்கள். குலை நோய்க்கு யூரியாவை ஒரே மூச்சில் கொட்டாமல் பிரித்துப் போடுவதே பாதி வைத்தியம், தழைச்சத்து மிஞ்சின பயிரைத்தான் அது முதலில் தேடி வரும். வரப்புப் புல்லைச் சுத்தமாக வையுங்கள். விதை நேர்த்திக்குக் கிலோ விதைக்குப் 10 கிராம் சூடோமோனாஸ். அப்புறமும் வந்தால் டிரைசைக்ளசோல் இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்றால், பூஞ்சை இலையைத் துளைக்க ஒரு குமிழ் மாதிரியான உறுப்பை உண்டாக்கும், அதன் சுவரில் மெலனின் பூச்சு இருந்தால்தான் உள்ளே அழுத்தம் ஏறும், கார் டயரைப்போல முப்பது நாற்பது மடங்கு அழுத்தம். மருந்து மெலனின் தயாரிப்பை நிறுத்திவிடும், குமிழ் புஸ்ஸென்று போய்விடும், துளைக்க முடியாது. செபிப்புக்கு இதில் வேலையே இல்லை. மெலனின் ஏறித் துளைத்து முடித்த பிறகு அடித்தால் பாதிக் காசு வீண், அதனால் நேரம் முக்கியம். கழுத்துக்கு என்றால் கதிர் வெளிவரும் சமயத்தைத் தவறவிடக் கூடாது.

விதைக்கோட்டை:

திருத்தியதற்கு நன்றி, எனக்குத்தான் அவசரம். ஒரு சந்தேகம்: அப்படியானால் செர்க்1-ஐயாவது அதிகமாக்கலாமே? கதவைச் சாத்துகிறவர் அவர்தானே?

வரப்புவாத்தியார்:

அவர் கதவைத் திறக்கிறவரும்கூட, அதுதான் சிக்கல். வேரில் நட்பாக வந்து சேரும் மைக்கோரைசாப் பூஞ்சையை உள்ளே விடுவதற்கும் நெல்லுக்கு இதே செர்க்1 வேண்டும். அதை முடக்கிய நெல்லில் குலை நோய் எதிர்ப்பும் குறைந்தது, மைக்கோரைசாவும் சரியாக ஒட்டவில்லை. செபிப்பை முடக்கினால் மைக்கோரைசாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நட்புப் பூஞ்சை அனுப்புவது நாலைந்து சர்க்கரை நீளமுள்ள குட்டித் துண்டுகள், அவற்றைப் பார்க்க வேறு ஆள் இருக்கிறார். ஆக, திண்ணையில் இரண்டு தாத்தாக்கள், உள்ளே ஒரே ஆள். அவரைத் தொட்டால் எது கெடும் என்று பார்த்துத்தான் தொட வேண்டும்.

ஜெல்கிறுக்கன்:

நாற்றங்கால், முதல் ஸ்லைடுக்கு ஒரு யோசனை. எல்லோரும் 2006-லிருந்து ஆரம்பிப்பார்கள். நீங்கள் 1993-லிருந்து ஆரம்பியுங்கள், நெல் சவ்வில் கைட்டின் துண்டை இறுகப் பிடிக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. 1997-ல் அடையாளம் ஏற்றிய கைட்டின் துண்டை அதோடு பிணைத்து ஜெல்லில் ஓட்டி, 75-ல் பட்டையைப் பார்த்தார்கள். அந்தப் பட்டைக்கு மரபணு கிடைக்க 2006 ஆனது. நெல் மரபணுத் தொகுதியின் முழு வரிசை 2005-ல்தான் வந்தது, அவர்கள் வரிசையில் தேடி இதைப் பிடிக்கவில்லை, சவ்வுப் புரதத்தைக் கரைத்து, கைட்டின் துண்டு ஒட்டிய பிரிப்புக் குழாயில் ஓட்டி, ஒட்டிக்கொண்டதை எடுத்து, அமினோ அமில வரிசை படித்து மரபணுவுக்குப் போனார்கள். சவ்வுப் புரதம் சுத்திகரித்தவர்களுக்குத்தான் இந்த ஒன்பது வருஷத்தின் வலி தெரியும்.

நாற்றங்கால்:

முதல் ஸ்லைடை மாற்றிவிட்டேன். ஜிபிஐ வால் வைத்துப் புதுப்படமும் கையால் வரைந்தாயிற்று, திண்ணையும் உண்டு, தாத்தாவுக்கு மீசை வைக்கலாமா வேண்டாமா என்றுதான் யோசனை.

அப்பாவிடம் எஸ்எல்பி1 கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "போன வருஷம் பக்கத்து வயலுக்காரன் பயிர் பச்சைப்பசேல்னு இருக்கேன்னு நானும் ரெண்டு மூட்டை யூரியா கூடப் போட்டேன்" என்றார். இந்த வருஷம் எவ்வளவு போடுவார் என்று கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை.